வாசலில் நிற்கும் பழைய வாகனம்

இன்றிரவு ஒரு சிறிய வேலை செய்து பாருங்கள். பிஸ்கட் பெட்டியோ சவர்க்காரப் பெட்டியோ, பழைய காட்போட் பெட்டி இரண்டைப் பிரித்து எடுங்கள். வாசலில் நிற்கும் வாகனத்தின் எஞ்சினுக்குக் கீழே ஒரு துண்டும், சாரதியின் காலடிக்கு நேர் கீழே ஒரு துண்டும், நான்கு சில்லுகளின் உட்பக்கமாக ஒவ்வொரு துண்டும் விரித்து விடுங்கள். சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் அவற்றை வெளியே இழுத்துப் பாருங்கள்.

எஞ்சினுக்குக் கீழே கறுப்பாகவோ கடும் பழுப்பாகவோ சொட்டு விழுந்திருந்தால் அது எஞ்சின் ஒயில். பழைய வாகனம் என்றால் இரண்டு சொட்டு விழத்தான் செய்யும், பதற வேண்டாம். பச்சையாகவோ துரு நிறத்திலோ தண்ணீர்போல் ஊறியிருந்தால் ரேடியேட்டர் ஒழுகுகிறது. சில்லுக்கு உட்பக்கமாகவோ சாரதியின் காலடிக்குக் கீழேயோ மெல்லிய, வழவழப்பான ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அதை யாராவது பார்த்துத் தீர்க்கும்வரை அன்று அந்த வாகனத்தை வாசலைவிட்டு எடுக்க விடாதீர்கள். கடைக்கு நேரமாகிறது, பிள்ளைக்குப் பாடசாலைக்கு நேரமாகிறது என்றெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும்.

"இதெல்லாம் ஆண்கள் பார்க்கும் வேலை, நமக்கேன்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரிதான். ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது பின் ஆசனத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ கடை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் வாகனம் என்பது ஆடம்பரம் அல்ல. சாமான் ஏற்றுவதும் அதில்தான், உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதில்தான், கலியாண வீட்டுக்குப் போவதும் அதில்தான். அந்த வாகனம் பெரும்பாலும் பழையது. இருபது வருட வேன், முப்பது வருட லொறி, சில வீடுகளில் வாப்பாவின் காலத்து மொரிஸ் மைனர்.

இரண்டு முறை மூடிய கதவு

நம் நாட்டில் பழைய வாகனம் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு நம் சிக்கனம் மட்டும் காரணமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏற்கெனவே வந்திறங்கிய மொரிஸையும் ஒஸ்டினையும் வைத்துத்தான் ஊர் ஓடியது. அடுத்த முறை கதவு மூடியது 2020 மார்ச்சில், கொரோனாக் காலத்தில். 2022இன் நெருக்கடியில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாகம் வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தார்கள். தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அப்போதும் வரியைப் பார்த்தவர்கள் பழையதையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

மொரிஸ் மைனரைப் பற்றி ஒரு சுவையான விஷயம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971 வரை செய்யப்பட்ட கார் அது. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் பிறந்தது துருக்கியின் இஸ்மீர் நகரில், உஸ்மானிய ஆட்சிக் காலத்தில். மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு, "அகலம் போதவில்லை" என்று அவருக்குத் தோன்றியதாம். காரை நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு பாதியையும் நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே முடிவு செய்தார். இறுகிப்போன சட்டையின் நடுவில் பட்டி வைத்துத் தைப்பதில்லையா, அதே வேலை! முன் மூடியின் நடுவில் மேடாக ஓடும் பட்டை அந்தத் தையல் அடையாளம்தான்.

இன்னொன்று. அந்தக் காரைப் பிறப்பித்த நாட்டிலேயே பாகங்கள் கிடைக்காமல் போன பிறகு, சார்ல்ஸ் வெயார் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் தொழிற்சாலை அமைத்து, மொரிஸ் மைனர் பாகங்களை இங்கே செய்து அங்கே அனுப்பினார். காரை நன்றாகப் பராமரித்துக் காலம் முழுவதும் வைத்துக்கொள்வதே இலாபம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் புத்தகம் எழுதாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

நான் இங்கே அடிக்கடி மொரிஸையே உதாரணம் காட்டுவேன். அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். உங்கள் வீட்டில் நிற்பது டொல்பின் வேனாக இருந்தாலும் விஷயம் பெரும்பாலும் ஒன்றே.

குக்கர் மூடியும் ரேடியேட்டர் மூடியும்

கொழும்பிலிருந்து மருமகளாக நுவரெலியாவுக்கு வந்தவர்கள் முதல் வாரமே ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்: பருப்பு வேக நேரமெடுக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் 96 பாகையளவிலும் நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கிறது. சூடு குறைந்த கொதி, அதனால்தான் பருப்பு அடம்பிடிக்கிறது. நாம் குக்கரை வாங்குகிறோம்.

ரேடியேட்டருக்குள்ளும் இதே கதை. மேடு ஏறும்போது எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது, தண்ணீரோ முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடி. அது வெறும் மூடி அல்ல, குக்கரின் விசில் போல ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் வைத்த ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையைப் பத்துப் பாகையளவோ அதற்கு மேலோ உயர்த்திக் கொடுக்கிறது. குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசில் வராது, ஓரத்தால் ஆவி போகும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் அதேதான். எத்தனையோ பேர் "எஞ்சின் போய்விட்டது" என்று பெரிய செலவுக்குப் பயந்து நிற்கும்போது, கெட்டது அந்தச் சிறு மூடியாக இருந்திருக்கிறது. வாகனம் நன்றாக ஆறிய காலை நேரத்தில் மூடியைத் திறந்து ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். கல்லாக இறுகியோ வெடித்தோ இருந்தால் அதே அளவு அழுத்தம் எழுதிய புதிய மூடியை வாங்கச் சொல்லுங்கள். அளவு மாறினால் பழைய ரேடியேட்டர் தாங்காது.

ஆறிய நேரத்தில் என்று சொன்னதை இரண்டு முறை வாசியுங்கள். ரம்பொடை ஏற்றத்தில் ஆவி பறக்க நின்ற வாகனத்தின் மூடியை அவசரத்தில் திருகியவர்களின் முகமும் கையும் வெந்துபோன சம்பவங்கள் புதியவை அல்ல. சூடான குக்கரை நாம் திறப்போமா? எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பிறகு தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருப்பு மட்டும் திருப்பி ஆவியை விட வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. காய்ந்த தாச்சியில் தண்ணீர் ஊற்றினால் சீறுவதுபோல் இரும்பும் சீறும், வெடிக்கவும் வெடிக்கும்.

தண்ணீரை உள்ளே சுற்ற வைப்பது ஒரு பம்ப். அதைச் சுழற்றுவது ஃபேன் பெல்ட். மொரிஸில் பட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோவும் அதே பெல்ட்டில்தான். எஞ்சின் ஓடாதபோது பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் போல அமுங்கினால் சரி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் தளர்ந்துவிட்டது.

பிரேக்

இனி வருவதுதான் முக்கியம். மற்றவை கெட்டால் வாகனம் நின்றுவிடும். இது கெட்டால் நிற்காது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நடந்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மாணவர்களை ஏற்றிவந்த பஸ் சரிவில் வேனொன்றிலும் முச்சக்கர வண்டியொன்றிலும் மோதி 7 பேர் உயிரிழந்தனர். வேனில் ஒரு குடும்பம் இருந்தது, பிள்ளைகளும் அதில். அந்த வீதியை அறிந்தவர்களுக்கு அதன் சரிவும் தெரியும். நம் பாதைகள் அப்படிப்பட்டவை. பிழைக்கு இடம் கொடுக்காதவை.

மொரிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். காலால் அழுத்தும்போது ஒரே ஒரு ஒயில் பாதைதான் நான்கையும் இயக்குகிறது. எங்கேயாவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால், நான்கும் ஒன்றாகப் போகும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும். பிந்திய வாகனங்களில் இரண்டு பாதைகள் வைத்தார்கள். உங்கள் வாகனம் எந்தக் காலத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதனை எளிது. எஞ்சின் ஓடாமல் வாகனம் சமதரையில் நிற்கும்போது சாரதி ஆசனத்தில் அமர்ந்து பிரேக்கை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு 33 முறை சுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். கால் அழுத்திய இடத்திலேயே கல்லாக நின்றால் அல்ஹம்துலில்லாஹ். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஒழுகுகிறது. அல்லது பிரதான சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. பஞ்சில் மிதிப்பதுபோல் இருந்தால் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்தபின் மேலே எழும்பினால், பிரேக் கட்டைகள் தேய்ந்து தூரமாகிவிட்டன, இறுக்க வேண்டும். மொரிஸில் இது தானாக இறுகாது. சில்லில் உள்ள துவாரம் வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு ஒவ்வொன்றாகத் திருகித்தான் இறுக்க வேண்டும். இந்த நான்கு நிலையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், கராஜில் பாஸிடம் "பிரேக் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன நடக்கிறது என்று சொல்லலாம். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

அடுத்தது பிரேக் ஒயிலின் நிறம். புதிதாக இருக்கும்போது இளந்தேன் நிறம். பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்த ஒயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் நம் ஊரில் என்ன ஆகிறது? அதேதான். டொட் 3 என்று போத்தலில் எழுதிய ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சில்லுப் பக்கம் அந்தச் சூட்டைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும். கால் தரையைத் தொடும், வாகனம் நிற்காது. சற்று நேரம் ஆறினால் எல்லாம் பழையபடி வேலை செய்யும். கராஜில் பார்த்தால் "ஒன்றுமில்லையே" என்பார்கள். அதனால்தான் மழையும் மூடுபனியும் உள்ள நம் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றிவிட வேண்டும். பாதி தீர்ந்து, மூடி திறந்தபடி அலுமாரியில் கிடந்த பழைய போத்தலை ஊற்ற விடாதீர்கள்.

மொரிஸில் இந்த ஒயிலை ஊற்றும் இடம் சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே. யாருக்கு இந்த யோசனை வந்ததோ! காலிலிருந்து விழும் மண் முழுவதும் அந்த மூடியைச் சுற்றித்தான். நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு மணல் உள்ளே போனால் ரப்பரைக் கீறிவிடும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை ஒயில் குறைந்திருக்கிறதென்று, அவசரத்தில் பக்கத்தில் இருந்த எஞ்சின் ஒயிலை அதில் ஊற்றிவிட்டார்கள். "ஒயில் ஒயில்தானே!" இரண்டு நாளில் பிரேக் பிடித்தது பிடித்தபடி விடமாட்டேன் என்றது. எஞ்சின் ஒயில் பட்டு உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறி வீங்கிவிட்டிருந்தன. பிரதான சிலிண்டரிலிருந்து நான்கு சில்லு வரை எல்லா ரப்பரையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாதம் வீட்டில் மீன் வாங்கவில்லை.

இறக்கத்தில் ஓட்டும் முறையும் பிரேக்கின் ஆயுளோடு சேர்ந்ததுதான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லொறிச் சாரதிகளின் கணக்கு. எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் ஆறிக்கொண்டே வரும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் முறை எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்குவது அதைவிட ஆபத்து. வேன்களில் பிரேக்குக்கு உதவியாக ஒரு வெற்றிடக் கருவி இருக்கிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதியில் அந்த உதவி தீர்ந்துவிடும், பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாலும் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாத ஒன்று: பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே உள்ள தூசை வாயால் ஊதுவது, தட்டுவது. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் எத்தனையோ வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி எறிய வேண்டும். பிரேக் கழற்றும் வேலையைத் தெரிந்த பாஸிடமே விடுங்கள். நாம் பார்ப்பது அறிகுறிகளை.

முன் சில்லு மடிவது

மொரிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் இது. முன் சில்லு ஒவ்வொன்றின் பின்னாலும் மேலும் கீழுமாகப் புரி வைத்த சுழல் மூட்டுகள் உள்ளன. சில்லு திரும்புவது அந்தப் புரியில்தான். கிரீஸ் காய்ந்தால் புரி தேயும். தேய்ந்து முடிந்த நாளில், வளைவில் திரும்பும்போது மூட்டுக் கழன்று சில்லு காரின் அடியில் மடிந்துகொள்ளும். மாதம் ஒருமுறை கிரீஸ் கன்னால் நான்கைந்து அழுத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை. சில்லைத் தூக்கி வைத்து அடித்தால்தான் கிரீஸ் முழுதாக உள்ளே போகும்.

தூக்குவது என்றதும் ஜெக் வந்துவிடுகிறது. மலையில் சமதரை கிடைப்பது அருமை. மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்டிலோ தடித்த வன்மரக் கட்டையிலோ பாரத்தை இறக்கி வையுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், பாரத்தில் சட்டென்று பொடியாகும். ஜெக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் புகக் கூடாது. பந்து உருண்டு போனாலும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பிள்ளைக்கு ஏன் தலை சுற்றுகிறது?

வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். தோடம்பழத் தோலை முகரக் கொடுத்து, உறையையும் தயாராக வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போனால் வராத தலைவலி உங்கள் வாகனத்தில் மட்டும் வருகிறதா? பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்கே வருகிறதா? ஜன்னலைத் திறந்தால் குறைகிறதா? அப்படியென்றால் அது வளைவின் குற்றமாக இராது. புகைக் குழாயில் துவாரம் விழுந்து, துருப்பிடித்த தரைத் தகடு வழியாகவோ பின் கதவின் தேய்ந்த ரப்பர் வழியாகவோ புகை உள்ளே வருகிறதோ என்று பார்க்க வேண்டும். நம் பக்கக் குளிரில் கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றி மூடிக்கொண்டுதான் போகிறோம். உள்ளே வந்தது உள்ளேயே சுற்றும். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கம். ஓட்டுபவருக்கும் அதே தூக்கம்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகளில் எஞ்சினைச் சூடாக்குகிறோம் என்று கதவை மூடிய கொட்டிலுக்குள் ஓடவிட்டு, தேநீர் குடிக்க உள்ளே வருவார்கள். கொட்டில் குசினியை ஒட்டியது. நடுவில் ஒரு பலகைச் சுவர். முதலில் வாகனத்தை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், பிறகு சூடாக்கட்டும்.

மூடுபனியில் கிடந்த காலைகளில் மொரிஸ் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது வேறு. அதற்குப் பட்டரியைத் திட்டிப் பயனில்லை. ஸ்பார்க் வயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

நம் மூக்கையும் நம்புங்கள். அடுப்பில் சோறு அடிப்பிடிப்பதை மூன்றாவது அறையில் இருந்து கண்டுபிடிப்பவர்கள் நாம். வாகனத்தில் இனிப்பு மணம் வந்தால் ரேடியேட்டர் மருந்து ஒழுகுகிறது. கருகிய துணி மணம் என்றால் பிரேக் கட்டையோ கிளட்ச்சோ சூடாகியிருக்கிறது, நிறுத்தி ஆறவிட வேண்டும். அழுகிய முட்டை மணம் பட்டரியிலிருந்து வரும். பெற்றோல் மணத்தை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

டயருக்கும் பால்மா உறை போலவே திகதி உண்டு, தெரியுமா? பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருக்கிறதென்று பத்து வருட டயரில் ஓடாதீர்கள். ஓரத்தில் மயிர்க்கோடுபோல் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர்பானப் போத்தலில்

கராஜ் சாமான்களில் வீட்டுக்குள் வந்து சேர்வது எது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை மருந்தில் எத்திலீன் கிளைக்கோல் உண்டு. அது இனிக்கும், நிறமும் சர்பத் மாதிரி. அதைக் கொஞ்சம் மிச்சம்பிடித்து, வெறும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி, கதவு மூலையில் வைக்கும் பழக்கம் எத்தனை வீட்டில்! பிள்ளை எடுத்துக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும், உயிரே போகலாம். பிரேக் ஒயிலும் மண்ணெண்ணெயும் அப்படித்தான். வந்த போத்தலிலேயே, பெயரோடு, பிள்ளைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாற்றிய எஞ்சின் ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். நம் வீட்டுக் கான் எங்கே போகிறது? சரிவில் கீழே. கீழே லயம், லயத்தின் பீலிக்கரை. அங்கே ஒரு தாய் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பழைய ஒயிலை அடைப்புள்ள கலனில் சேர்த்து, கழிவு ஒயில் வாங்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒயில் பட்ட சாரனையும் சேட்டையும் பிள்ளைகளின் உடுப்போடு ஊறப்போடாதீர்கள். அதை மண்ணெண்ணெயில் அலசுவதானால் அடுப்பிலிருந்து தூரமாக, வெளியே. பழைய எஞ்சின் ஒயில் நாள்தோறும் தோலில் பட்டுக்கொண்டிருப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதால், கையுறை ஒன்று வாங்கிக் கொடுங்கள். போடமாட்டார்கள். மறுபடியும் சொல்லுங்கள்.

ஒரு கொப்பி

கடைசியாக, பிள்ளையின் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் மிச்சமிருக்கும் தாள்களை வாகனத்துக்கென ஒதுக்குங்கள். ஒயில் மாற்றிய திகதி, அன்றைய கிலோமீற்றர், பிரேக் ஒயில் மாற்றிய திகதி, கிரீஸ் அடித்த திகதி, என்ன பாகம், எந்தக் கடை, எத்தனை ரூபா. பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கப் போகிறவரிடம் பழைய பாகத்தையும் கொடுத்தனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கட்டும். "ஒரிஜினல்" என்று பெட்டியில் எழுதியிருப்பது எழுத்து மட்டும்தான். கராஜில் மாற்றிய பாகத்தையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். நல்ல பாஸ் கோபிக்கமாட்டார். எங்கே தேய்ந்திருக்கிறதென்று அவரே விரலால் காட்டுவார்.

எங்கள் வீட்டுக் கொப்பி உம்மாவின் கையெழுத்தில் தொடங்குகிறது. கார் ஓட்டத் தெரியாதவர் அவர். ஆனால் நோன்புப் பெருநாளைக்குக் கண்டிக்குப் புறப்படும்போது, வாப்பா சாவியை எடுக்குமுன் உம்மா அந்தக் கொப்பியை எடுப்பார். ஒரு வருடம் பிரேக் ஒயிலுக்கு நேரே திகதி எழுதியிருக்கவில்லை. உடுத்திய புது உடுப்போடு நாங்கள் எல்லோரும் ஹட்டன் ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.